பாயைக் குற்றம் சொல்லாதீங்க, தாங்கியைப் போடுங்க

எங்கட மாமாட படகுப் பாய் இப்ப வாடிக்குள்ள சுருட்டிக் கிடக்குது. அதுக்கு மேல ஒரு பூனை படுக்குது. அந்தப் பாயைத் தைச்சது எங்கட வீட்டில, உம்மாட தையல் மெஷினில. தறப்பாளைப் பிடிச்சு நேராத் தள்ளிக் கொடுத்தது நான். எத்தனை ஊசி உடைஞ்சதென்று எனக்குத்தான் தெரியும். ஆகவே அந்தப் பாயைப் பற்றிக் கதைக்க எனக்கு உரிமை இருக்கு. "பொம்புளப் புள்ளைக்கு என்ன தோணிக் கதை" என்று கேட்கிறவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொண்டு போகலாம். ஊசி உடைஞ்ச காசையாவது தந்திட்டுப் போங்க.

பாய் வந்த கதை உங்களுக்கும் தெரியும், ஏனென்றால் அது எல்லாரும் வரிசையில நின்ற வருசம். 2022 ஜூன், ஜூலையில சாய்ந்தமருதுக் கரையில படகுகள் மணலில் கிடந்தன. மண்ணெண்ணெய் இல்லை. எங்கட சின்னப் படகுகளின் அவுட்போர்ட் இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடுவது, அதனால் பெற்றோல் வரிசையில நின்றாலும் பிரயோசனம் இல்லை. பிறகு ஆகஸ்டில் எண்ணெய் வந்தது, விலையும் சேர்ந்து வந்தது. லீற்றர் 87 ரூபா இருந்தது ஒரே இரவில் 340 ரூபா. இருபது லீற்றர் கேன் ஒன்று 1,740 ரூபாவுக்கு வாங்கின மனிசன் அடுத்த நாள் 6,800 ரூபா கொடுக்கணும். மீன் விலை நாலு மடங்கு கூடல்ல.

மாமா அப்பதான் சொன்னார், "மகள், உம்மாட்டக் கேளு, தறப்பாள் தைக்க ஏலுமாண்டு." மூங்கில் ஒண்டு பாய்மரத்துக்கு, இன்னொண்டு பாயின் அடிவிளிம்பைப் பிடிக்க. இந்த இரண்டாவது மரத்துக்கு இங்கிலீசில பூம் என்று பெயர். பாய்மரத்தின் அடியிலிருந்து பின்னுக்குக் கிடையாக நீட்டி நிற்கிற மரம். காற்று பக்கம் மாறினால் கதவு மாதிரி இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகும். இந்த மரத்தைப் பற்றித்தான் மிச்சக் கதை முழுவதும்.

இருபத்து மூன்று அடி பைபர் படகுக்கு அந்தப் பாய் பெரிசாக ஒண்டும் செய்யல்ல என்று சொல்ல ஏலாது. வலை போட்டுட்டு வரக்குள்ள, கடற்காற்று பின்னால் இருந்தால், இயந்திரத்தை நிப்பாட்டிட்டுப் பாயில வந்தார்கள். ஒரு நாளைக்கு ரெண்டு மூணு லீற்றர் மிச்சம். அதைவிடப் பெரிசு, இயந்திரம் நின்றாலும் கையில ஒண்டு இருக்கு என்ற தைரியம்.

போன வருசம் ஒரு நாள் மஃரிப் நேரம், காற்றுக் கூடின உடனே பாயை இறக்கினார்கள். பாயை இறக்கினால் பூமைத் தூக்கிப் பிடிக்க ஒண்டும் இல்லை, ஏனென்றால் அதைத் தூக்கி வைச்சிருந்ததே பாய்தான். அவங்க வழக்கமாகச் செய்யிறது, கண்டல் மரத்துக் கவட்டைக் கம்பொண்டைப் படகின் விளிம்பில் செருகி அதில் பூமை வைப்பது. படகு ஒரு அலையில சரிஞ்சது, கவட்டை கழன்றது, ஈரப்பாய் சுற்றின பன்னிரண்டு அடி மூங்கில் வீசிக்கொண்டு வந்து எங்கட காக்காட தோளில அடிச்சது. காறை எலும்பு முறிஞ்சது. நாலு விரல் மேல பட்டிருந்தால் தலை. ரெண்டு மாசம் வலது கையால அவர் சோறு தின்னல்ல.

அடுத்த கிழமை மாமா பாயையும் மூங்கிலையும் படகிலிருந்து இறக்கிட்டார். "பாயே வேணாம். பாய் மனிசனக் கொல்லும்." கரையில இருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள். ரெண்டு படகில பாய் வைக்க யோசிச்சவர்களும் விட்டுட்டார்கள்.

நான் சொல்றது இதுதான். அண்டைக்கு அடிச்சது பாய் இல்லை. இருக்க இடமில்லாத ஒரு மரம் அடிச்சது. பாய் ஏத்துற படகில, பாயை இறக்கினால் பூம் போய் உட்கார நிரந்தரமான தாங்கி ஒண்டு வேணும். அது இல்லாமல் பாய் வைக்கிறது, பிரேக் இல்லாமல் சைக்கிள் வாங்கிட்டு விழுந்தாப் பிறகு சைக்கிளை விற்கிறது மாதிரி.

இந்தத் தாங்கிக்கு உலகத்துப் பாய்ப்படகுக்காரர்கள் வைத்த பெயர் கொஞ்சம் பயங்கரம். அவர்களுடைய மொழியில் அது தூக்குமரம். பார்க்க அப்படித்தான் இருக்கும். படகின் பின்பக்கம் இடது விளிம்பில் ஒரு தூண், வலது விளிம்பில் ஒரு தூண், மேலே குறுக்கே ஒரு சட்டம். அந்தச் சட்டத்தில் மூன்று குழி, நடுவில் ஒண்டு, பக்கத்துக்கு ஒண்டு. பாய் ஏறி நிற்கக்குள்ள பூம் இந்தச் சட்டத்துக்கு ஒரு சாண் மேலால் போய்வரும். பாயை இறக்கக்குள்ள பூமின் நுனி தாழ்ந்து வந்து ஒரு குழியில் உட்காரும். மேலால ஒரு கயிற்றைப் போட்டுக் கட்டினால் முடிஞ்சது, படகு எப்படி உருண்டாலும் அது அசையாது. நடுக் குழி சும்மா இருக்கிற நேரத்துக்கு. பக்கக் குழிகள் ஏனென்றால், பூமை ஒரு பக்கம் ஒதுக்கி வைச்சால் நடுவில ஆள் நிமிர்ந்து நின்று வேலை செய்யலாம். காற்றுக் கூடி, பாயைப் பாதியாகச் சுருக்கணும் என்றால், இரண்டு கையும் வேணும். பூம் குழியில் கட்டிக் கிடந்தால் அதில சாய்ஞ்சுகொண்டே முடிச்சுப் போடலாம். கட்டாத பூமில பாயைச் சுருக்கிறது, ஓடுற மாட்டில பால் கறக்கிறது.

இவ்வளவுதான் சாமான். இதில மந்திரம் ஒண்டும் இல்லை. ஆனால் இதைக் கரையில சொன்னால் கிடைக்கிற பதில்களைக் கேளுங்க.

முதல் பதில், "இது வெள்ளைக்காரன்ட விளையாட்டு. சும்மா கடல் சுத்துற பணக்காரனுக்குத் தேவை, எங்களுக்கென்ன?"

இந்தப் பதிலுக்குத்தான் எனக்குக் கோபம் கூட. பாய் எங்கட இல்லையா? வல்வெட்டித்துறையில கட்டின அன்னபூரணி என்ற கப்பல், தொண்ணூறு அடிக்குக் கிட்ட, ரெண்டு பாய்மரம். வில்லியம் ரொபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கினார். அவர் ஏற்கனவே சின்னப் பாய்ப்படகொண்டில உலகத்தைச் சுற்றி வந்த ஆள், நல்ல கப்பல் எது என்று தெரிஞ்ச ஆள். கப்பலுக்குத் தன்ர மனைவியின் பெயரை வைச்சார். ஆனால் அதை அமெரிக்காவுக்குக் கொண்டு போனது வல்வெட்டித்துறைத் தண்டையலும் அந்த ஊர் ஆக்களும். 1938இல மசசூசெற்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தில் போய் நின்றது. இதில இயந்திரத்துக்கும் டீசலுக்கும் பெருமை இல்லை, பாய்க்கும் ஆளுக்கும்தான்.

எங்கட ஊர்ப் பள்ளிவாசல்களில் குடிக்கு ஒரு மரைக்காயர் இருக்கிறார். அந்தச் சொல்லை மரக்கலத்தோட சேர்த்துச் சொல்கிறவர்கள் நிறைய. மரைக்காயர் இருக்கிறார், மரக்கலம்தான் இல்லை. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில நாகூர் ஆண்டகை பெயரில வருசா வருசம் கொடியேற்றம் நடக்குது. அது சரியா பிழையா என்ற சண்டைக்கு நான் வரல்ல, அதுக்கு வேற ஆக்கள் இருக்கிறாங்க. நான் சொல்றது, கடலில் போறவர்களைக் காக்கிறவர் என்று சொல்லப்படுகிற ஒருவரின் பெயரில் கடற்கரையில் மரம் நட்டுக் கொடி ஏத்தத் தெரிஞ்ச எங்களுக்கு, படகில ரெண்டு தூண் நடச் சொன்னால் மட்டும் ஏன் புதுசாகத் தெரியுது?

பணக்காரன் கதைக்கும் ஒரு பதில் இருக்கு. லின் பார்டி, லாரி பார்டி என்று ஒரு கணவன் மனைவி. தங்கட கையாலேயே கட்டின செராஃபின் என்ற படகில உலகம் சுற்றினாங்க. 24 அடி சொச்ச நீளம், மாமாட படகைவிட ஒரு அடிதான் கூட. இயந்திரமே இல்லை. 1970களின் பிற்பாதியில் அந்தப் படகு காலிக்கு வந்துட்டு, எங்கட இதே வங்காள விரிகுடாவைக் கடந்து கிழக்கே போனது. பிறகு அவங்க கட்டின ரெண்டாவது படகு தலெய்சின். அதின்ட பின்பக்கத்தில் நான் மேலே சொன்ன தாங்கி நிக்குது, படத்தில பார்க்கலாம். பணம் கூடி வைச்சது இல்லை. இயந்திரம் இல்லாத படகில் ஒவ்வொரு மரமும் தன்ர இடத்தில் இருக்கணும் என்று விளங்கி வைச்சது.

ரெண்டாவது பதில் மாமாட பதில், அது மரியாதையான பதில். "மகள், வல சிக்கும். ராவையில வல இழுக்கக்குள்ள தூண்ட, மூலையில, நட்டில மாட்டும். மாட்டின வலய இருட்டில கழட்டப் போனா ஆள் கடலுக்குள்ள."

இது உண்மை. சும்மா கடல் சுற்றுகிற படகுக்கும் தொழில் படகுக்கும் இதுதான் வித்தியாசம், அவர்களுக்கு வலை இல்லை. பின்பக்கத்தால வலை இழுக்கிற படகில இந்தத் தாங்கியை நிரந்தரமாக வைக்க வேணாம் என்று நானே சொல்வேன். ஆனால் மாமாட படகில வலை ஏறுறது முன்பக்கத்தால. பின்பக்கம் இயந்திரக்காரன்ட இடம். தூண் நிற்கப் போறது அவனுக்கு முன்னால நாலு அடியில, வலைக்கு இந்தப் பக்கம். நட்டுத் தலைகளை உள்பக்கம் திருப்பிப் பழைய ரியூப் ரப்பரைச் சுற்றிக் கட்டினால் நூல் மாட்ட ஒண்டும் இல்லை. இப்ப படகில என்ன மாட்டுது தெரியுமா? விளிம்பில் செருகின அந்தக் கண்டல் கவட்டை. அதில சிக்காத வலையா?

மூன்றாவது பதில் ஒரு வயசான அப்பாட பதில். எங்கட வாடிக்குப் பக்கத்து வாடி. பல்லில்லாமல் சிரிச்சிட்டுச் சொன்னார், "எங்கட காலத்துப் பாய்க்கு அடிமரமே இல்ல புள்ள. மரமில்லாட்டித் தாங்கி எதுக்கு?"

எனக்குக் கிடைச்சதில ஆகக் கெட்டிக்காரப் பதில் இது. ரெண்டு நாள் யோசிச்சேன். அடிமரம் இல்லாத பாய் பாதுகாப்பானதுதான், வீசினாலும் துணிதான் முகத்தில அடிக்கும். ஆனால் எங்களுக்குப் பாய் உதவுற நேரம் எது? பின்னேரம் கடற்காற்று பின்னால் இருந்து மெல்ல வாற நேரம். மெல்லிய பின்காற்றில் அடிமரம் இல்லாத பாய் சுருங்கித் தொங்கும். விரிச்சுப் பிடிக்க ஒரு கம்பு வேணும். ஆகக் கம்பு எப்படியும் படகுக்குள்ள வரும். அதுமட்டுமில்லை, பாயே ஏத்தாத நேரத்தில பாய்மர மூங்கிலை எங்கே வைக்கிறது? வலைக்கு மேல. வலை எடுக்கணும் என்றால் அதைத் தூக்கி இன்னொருத்தன்ட காலுக்கு மேல. தாங்கி இருந்தால் ரெண்டு மூங்கிலும் தலைக்கு மேல போயிரும், கால் வைக்க இடம் மிஞ்சும். அப்பாட்ட இதைச் சொன்னேன். "ம்" என்றார். அது ஓமா இல்லையா என்று விளங்கல்ல.

யொட் ஆக்கள் இன்னொரு பதில் சொல்வார்கள், இப்பத்தைய படகுகளில் பூமுக்கு அடியில ஸ்பிரிங் வைச்ச தண்டொண்டு தாங்கிப் பிடிக்குது, பின்பக்கத் தாங்கி பழைய காலத்துச் சாமான், பாரம், காற்றை மறிக்கும் என்று. அந்தத் தண்டின் விலைக்கு மாமா இன்னொரு இயந்திரம் வாங்குவார். அடுத்த கதைக்குப் போவம்.

அடுத்தது, "இப்ப எண்ணெய் இருக்குத்தானே. இயந்திரம் இருக்குத்தானே. பாயும் வேணாம் தாங்கியும் வேணாம்."

இதுதான் உண்மையில் எங்கட கரையை ஆளுற கதை. இதுக்கு வரலாறும் இருக்கு. 2004 டிசம்பர் 26 எங்கட ஊரில என்ன செஞ்சது என்று நான் சொல்லத் தேவையில்லை, நான் அப்போது கைக்குழந்தை, உம்மா இன்றைக்கும் அந்தக் கதையை முழுசாகச் சொல்ல மாட்டா. அதுக்குப் பிறகு நிவாரணமாகப் பைபர் படகுகள் வந்தன. அதில தரம் குறைஞ்சவை நிறைய என்று அப்பவே எழுதினார்கள். நல்லதோ கெட்டதோ, படகு என்றால் ஓடும் ஒரு இயந்திரம் என்ற எண்ணம்தான் வந்தது. இயந்திரம் நின்றால் என்ன என்ற கேள்விக்குப் படகில பதில் எதுவும் பூட்டி வரல்ல. எங்கட தலைமுறை படகைப் பார்த்ததே அந்த வடிவத்திலதான்.

இயந்திரம் நின்றால் என்ன? வரைபடத்தை எடுங்க. சாய்ந்தமருதுக் கரையில நின்று நேர் கிழக்கே விரலை இழுத்துக்கொண்டு போங்க. முதலில் தட்டுற நிலம் நிக்கோபார். ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர். நடுவில ஒரு பாறைகூட இல்லை. கச்சான் காலத்தில காற்று எந்தப் பக்கம் அடிக்கும்? தரையிலிருந்து கடலுக்கு. எங்கட வீட்டுக் கதவுகளையெல்லாம் அடிச்சுச் சாத்துற, வயலையெல்லாம் காய வைக்கிற அந்தச் சூட்டுக் காற்று, நின்றுபோன படகை நிக்கோபார்ப் பக்கம் தள்ளும். இந்தத் தீவின் கரைகளிலிருந்து போன படகுகள் இயந்திரம் பழுதாகி நாள்கணக்கில் அலைஞ்சு வேற நாட்டுக் கரைகளில் ஒதுங்கின செய்தி எங்களுக்குப் புதுசில்லை.

பொய் சொல்ல மாட்டேன். கச்சான் முகத்துக்கு நேரே அடிச்சால் எங்கட பாயால் கரைக்கு வர ஏலாது. அடி தட்டையான படகு, காற்றை வெட்டி மேல ஏற அதுக்குக் கீழே ஒண்டும் இல்லை. ஆனால் காற்றுக்குக் குறுக்கே வடக்கோ தெற்கோ போக ஏலும். கரையை விட்டு விலகுறது குறையும், மற்றப் படகுகள் தொழில் செய்ற பக்கம் போகலாம். பின்னேரம் காற்றுத் திரும்பி வந்தால் அதைப் பிடிக்கலாம். சும்மா இருந்து தள்ளப்படுறதுக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம் சில வேளை ஒரு உயிர்.

இனி நான் ஆக விரும்புற விசயத்துக்கு வாறேன். இதைப் பற்றிக் கரையில யாரும் என்னோட சண்டை பிடிக்கல்ல, அதனால் நானே நீட்டிச் சொல்றேன்.

காற்றே இல்லாமல் நிக்கிற படகை நினைங்க. பத்து மணி வெயில். பைபர் படகுக்குள்ள நிழல் என்ற சாமான் இல்லை, வெள்ளைப் பைபரில இருந்து வெளிச்சம் கண்ணுக்குத் திரும்பி அடிக்கும். கேனில தண்ணி ரெண்டு நாளைக்கு. அலைஞ்சு போறவர்களை முதலில் முடிக்கிறது பசி இல்லை, வெயிலும் தாகமும். இப்ப தாங்கி உள்ள படகைப் பாருங்க. பூமின் ஒரு நுனி பாய்மரத்தில, மற்ற நுனி தாங்கியில. அதுதான் கூரையின் முகட்டு மரம்! பாய்த் தறப்பாளை அதுக்கு மேல போட்டு ரெண்டு பக்கமும் விளிம்பில கட்டினால் நாலு பேர் படுக்கிற கூடாரம். அசையாத முகடு என்றதால காற்று வந்தாலும் பறக்காது. மழை வந்தால் தறப்பாளின் ஒரு மூலையைத் தாழ்த்திக் கேனை அடியில வைங்க, தண்ணி. முதல் அஞ்சு நிமிசத் தண்ணி உப்புக் கரிக்கும், அதைக் கழுவ விடணும், பிறகு வாறது குடிக்கிற தண்ணி. வாடைக் காலத்து மழையை நினைச்சுப் பாருங்க, எவ்வளவு வரும் என்று. கழன்று விழுற கவட்டையில இதைச் செய்யவே ஏலாது. உலகம் சுற்றுகிற படகுக்காரர்களும் நங்கூரம் போட்ட இடங்களில் இந்த வேலைக்குத்தான் அந்தத் தாங்கியை நாள் முழுக்கப் பாவிக்கிறார்கள். அவர்களுக்கு அது பகல் தூக்கம். எங்களுக்கு அது வேற.

கரை ஏறுறதையும் சொல்லணும். எங்களுக்குத் துறைமுகம் என்று ஒண்டு ஒலுவிலில் இருக்கு, நான் படிக்கிற கம்பஸிலிருந்து பார்க்கிற தூரம். டென்மார்க் கடனில கட்டி 2013இல திறந்தார்கள். வாயில மண் மூடிச்சு, வடக்குப் பக்கக் கரையைக் கடல் தின்னுது. அதைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரை முடியாது. ஆக நாங்க இன்னும் அலை உடையிற இடத்தாலதான் போறம், அதாலதான் வாறம். அலைக்குள்ள படகு குத்தி எழும்பக்குள்ள கட்டாமல் கிடக்கிற மூங்கில் ஒரு ஈட்டி. தாங்கியில ஏத்திக் கட்டினால் அது ஆளுக்கு மேல, அசையாமல். அந்தத் தூணே எழும்பி நிக்கிறவனுக்குக் கைப்பிடி. படகில பின்பக்கம் இப்ப நெஞ்சு உயரத்தில பிடிக்கிறதுக்கு என்ன இருக்கு? பக்கத்தில நிக்கிறவன்ட சேட்டு.

செய்யிறது எப்படி என்று கேட்டால், வெல்டிங் கடையில கேட்டுட்டுத்தான் எழுதுறேன். ஒன்றரை அங்குல ஜி.ஐ. குழாய், எல்லாம் சேர்த்து நாலரை மீற்றர் அளவு. பாரம் பதினாறு கிலோ சொச்சம், இருபது லீற்றர் எண்ணெய்க் கேன் ஒண்டின்ட பாரம். "மேல்பாரம் கூடிப் படகு புரளும்" என்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கணும். அந்தப் பாரம் இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவில, அதே நேரம் ஒரு ஆள் எழும்பி நின்றாலே அதைவிடக் கூட. குறுக்குச் சட்டம் மட்டும் மரமாக இருக்கணும், தேக்குத் துண்டு கிடைச்சால் நல்லம், இரும்புக் குழி மூங்கிலைத் தின்னும். வெல்டிங் பிடிச்ச இடத்தில நாகப்பூச்சு எரிஞ்சுபோகும், உப்புக்காற்றில முதலில் கறல் பிடிக்கிறது அங்கதான், அந்த இடத்துக்கு நாகப் பெயின்ற் ரெண்டு தரம். ஆக முக்கியம், பைபரில நேரே ஓட்டை போட்டு நட்டுப் பூட்டக் கூடாது. பைபர் மெல்லிசு, ஆடி ஆடி ஓட்டை பெருத்துக் கிழியும். உள்பக்கம் ஒரு சாண் அகலத்துக்குப் பலகை வைச்சு ரெசினால ஒட்டி, பாரத்தைப் பரப்பி, பிறகு நட்டு. உயரம் பாய் ஏறி நிக்கிற நேரம் அளக்கணும், பூம் மேலால போக ஒரு சாண் விட்டு. கீழே இருந்து இயந்திரக்காரன் குந்தியிருந்தால் தலை தட்டக் கூடாது. இந்த ரெண்டு அளவும் ஒத்து வராட்டிப் பாயின் அடியை ஒரு முழம் வெட்டித் தைக்கணும். தைக்க நான் இருக்கேன்.

கடைக்காரர் சொன்ன காசு, 2022 விலையில மூணு கேன் மண்ணெண்ணெய்க்கு வரும். காக்கா வேலைக்குப் போகாத ரெண்டு மாசத்துச் சம்பளத்தோட இதை ஒப்பிட எனக்கு மனமில்லை, நீங்களே செஞ்சு பாருங்க.

மாமாவோட நான் கடைசியாகக் கதைச்சது போன நோன்புப் பெருநாளுக்கு. வட்டிலாப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் குழாய்க் கதையை எடுத்தேன். "திரும்பவும் தொடங்கிட்டாள்" என்றார், உம்மாவைப் பார்த்து. பிறகு காக்கா தன்ர தோளைத் தடவிக்கொண்டே சொன்னார், "மாமா, எனக்கு அடிச்சது அந்த மரந்தான். நானே சொல்றன், மரத்துக்கு இடம் போடுவம். பாய் இல்லாம எனக்குப் பயம், பாயோட பயமில்ல." மாமா ஒண்டும் சொல்லல்ல. அஸருக்குப் பிறகு வாடிக்குப் போனவர் மூங்கிலை எடுத்து வெளியில வைச்சு, முழம் போட்டு அளந்ததாகக் காக்கா சொன்னார். எதுக்கு அளந்தார் என்று கேட்க ரெண்டு பேருக்கும் தைரியம் இல்லை.

குழாய் ரெண்டும் எங்கட வீட்டுக் கோடியில, கிணற்றுக்குப் பக்கத்தில சாத்திக் கிடக்குது. அரைக்காசு என்ர, அரைக்காசு காக்காட. வெள்ளிக்கிழமை படகு போகாது. ஜும்ஆவுக்குப் பிறகு பாயை ஏத்தி உயரம் அளக்கணும், அதுக்கு மூங்கிலைப் பிடிக்க இன்னும் ரெண்டு பேர் வேணும். பூனையை எழுப்புற வேலையை நான் பார்த்துக்கொள்றேன்.